அகத்தியர் இல்லாத வட்டு

சிவராத்திரி முடிந்து நான்கு நாள் ஆகிறது. மேசை மேல் வான வரைபடம் அச்சடித்த எட்டு ஏ3 தாள்கள் கிடக்கின்றன. ஒன்று பனியில் ஊறி அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது. ஒன்றில் சுண்டல் எண்ணெய். இன்னொன்றில் மீன ராசிக்குள் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கரும்பொட்டு. எட்டில் வேலைக்கு உதவியது இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று நான் தப்பாகச் செய்தது. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆரம்பம் மார்கழியில். எங்கள் ஊர் புதுக்கோட்டைக்குப் பக்கம். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் அந்த வாரம் இரவில்தான் வந்துகொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்கு அம்மாவும் நானும் வாய்க்கால் வரப்பில் நின்றிருந்தோம். தெற்கே பனைமரங்களுக்கு மேலே ஒரு நட்சத்திரம், பளிச்சென்று. "அது என்னடா, தெக்க வெள்ளி முளைச்சிருக்கு?" என்றார் அம்மா. வெள்ளி நடுராத்திரியில் அங்கே வராது என்பது வரை தெரியும். அது எது என்று தெரியவில்லை.

வீட்டில் ஒரு சுழல் வட்டு இருந்தது. லண்டனில் இருக்கும் நண்பர் கொண்டுவந்து கொடுத்தது. தேதியையும் மணியையும் பொருத்தினால் அந்த நேரத்து வானம் ஒரு முட்டை வடிவ ஜன்னலில் தெரியும். பொருத்திப் பார்த்தேன். அந்த நட்சத்திரம் அதில் எங்குமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மறைந்திருக்கிறதோ என்று வட்டை முழுச் சுற்று சுற்றியும் பார்த்தேன். இல்லை.

மறுநாள்தான் காரணம் புரிந்தது. வட்டின் மூலையில் பொடி எழுத்தில் 51.5 டிகிரி வடக்கு என்று போட்டிருந்தது. அந்த அட்சரேகையில் நிற்பவருக்குத் தெற்குத் தொடுவானம் மைனஸ் 38.5 டிகிரியோடு முடிந்துவிடும். நாங்கள் பார்த்தது அகத்தியர், அதாவது கனோபஸ். அது இருப்பது மைனஸ் 52.7-ல். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான நட்சத்திரம், லண்டன்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் வட்டில் அதற்கு இடம் இல்லாததில் தப்பும் இல்லை. நம் ஊர் 10 டிகிரி 23 நிமிடம் வடக்கு. நம் ஊருக்கு ஒன்று நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

கணினியில் ஸ்டெல்லேரியம் ஏற்கனவே இருந்தது. இலவச மென்பொருள், வானத்தை அப்படியே திரையில் காட்டும். அதில் ஒரு படம் பிடித்து அச்சடித்தால் முடிந்தது வேலை என்று நினைத்தேன். எஃப்6 அழுத்தி ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை (78 டிகிரி 49 நிமிடம் கிழக்கு) கொடுத்தேன். எஃப்5-ல் தேதி, மணி. ஏ விசை காற்று மண்டலத்தை அணைக்கும், ஜி தரையை மறைக்கும், சி போட்டால் விண்மீன் குழுக் கோடுகள், வி போட்டால் பெயர்கள். திரைக்காட்சியை மீன்கண் வில்லை வகைக்கு மாற்றி, உச்சியை நடுவில் கொண்டுவந்து, முழு வானமும் ஒரு வட்டத்துக்குள் வரும் வரை விலக்கினேன். கண்ட்ரோல் எஸ். படம் வந்துவிட்டது. மொத்தம் பத்து நிமிடம்.

பென் டிரைவை வாங்கித் திறந்த ஜெராக்ஸ் கடை அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்படி மொத்தமா கறுப்பா அடிச்சா டோனர் என்னங்க ஆவுறது?" அவர் சொன்னது சரி. தாள் வெளியே வந்தபோது சூடாக, பளபளவென்று இருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் ரேகை. இருட்டில் அந்தக் கறுப்புத் தாளில் டார்ச் அடித்தால் டார்ச்தான் தெரிந்தது.

ஸ்டெல்லேரியத்திலேயே, படம் பிடிக்கும்போது நிறங்களைத் தலைகீழாக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டேன். வெள்ளைத் தாள், கறுப்புப் புள்ளிகள். ஆனால் பால்வீதி சாம்பல் கறையாக நடுவில் படிந்துவிட்டது (எம் விசையால் அதை அணைக்கலாம் என்று பிறகு கண்டுபிடித்தேன்). ஏ3 அளவுக்குப் பெரிதாக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. என் மடிக்கணினித் திரையின் உயரம் 768 புள்ளி. அதை 270 மில்லிமீட்டர் வட்டமாக இழுத்தால் அங்குலத்துக்கு 72 புள்ளிதான் வரும். எழுத்தெல்லாம் கம்பளிப் பூச்சி.

இந்தத் தாளை ஜனவரி 17, காணும் பொங்கல் இரவு மாடிக்கு எடுத்துப் போனேன். மறுநாள் அமாவாசை, வானம் நல்ல கறுப்பு. அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயது. தாளைத் தரையில் விரித்துப் பார்த்து, "மாமா, கிழக்கும் மேற்கும் மாறிக் கெடக்கு" என்றான். மாறவில்லை. தரையின் வரைபடத்தை மேலேயிருந்து கீழே பார்க்கிறோம், வானத்தின் வரைபடத்தைக் கீழேயிருந்து மேலே பார்க்கிறோம். தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் சரியாக வரும். அவனைத் தூக்கிப் பிடிக்க வைத்தேன். புரிந்துகொண்டான். அப்புறம் தாளில் இருந்த முப்பது கோள், நட்சத்திரப் பெயர்களில் ஒன்றைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. பாதி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தது, மீதி ஆங்கிலத்தில் பொடியாக இருந்தது. திரையில் சுட்டியை வைத்து நகர்த்தும்போது இது எதுவும் குறையாகப் படவே இல்லை. தாளில் நகர்த்த முடியாதே.

அடுத்து கார்த் து சியேல். பாட்ரிக் ஷெவாலே எழுதிய இலவச மென்பொருள், அச்சடிப்பதற்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு, எத்தனை பிரகாசம் வரை புள்ளி வேண்டும் என்ற தேர்வு, கூர்மையான கோடு, எல்லாம் உண்டு. தொலைநோக்கிக்கு ஒரு மூலையைத் தேடும் படம் வேண்டுமென்றால் இப்போதும் அதைத்தான் திறப்பேன். என் தேவை வேறு. திருவாதிரை, ரோகிணி, கேட்டை என்று அம்மாவுக்குத் தெரிந்த பெயர்கள் பெரிய எழுத்தில் வேண்டும், அவருக்குத் தேவைப்படாதது ஒன்றும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பெயராக அதில் மாற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், பைத்தான் நிரல்மொழியில் நானே வரைந்துகொள்கிறேன் என்று இறங்கினேன். பொறுமை மிச்சமாகும் என்று அப்போது நினைத்தேன்.

நட்சத்திரப் பட்டியலுக்கு எச்ஒய்ஜி என்ற கோப்பு. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அட்டவணையோடு வேறு இரண்டைச் சேர்த்துத் தொகுத்தது. கிட்டத்தட்ட 1,20,000 வரி. ஒவ்வொரு வரியிலும் வல ஏற்றம், நடுவரை விலக்கம், பிரகாச எண். வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரிதான் முதல் இரண்டும். பிரகாச எண் சிறுக்கச் சிறுக்க வெளிச்சம் கூடும்: சிரியஸ் மைனஸ் 1.46, கண்ணுக்கு எட்டும் கடைசி மங்கல் சுமார் 6.5.

முதலில் சுழல் வட்டையே நம் ஊருக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். வட துருவம் நடுவில். துருவத்திலிருந்து எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறதோ அத்தனை தூரம் வெளியே புள்ளி. கணக்கு இவ்வளவுதான். ஓட்டினேன். எல்லா நட்சத்திரமும் பூசணிக் கீற்று மாதிரி ஒரு ஓரத்தில் குவிந்திருந்தது, மீதி வட்டம் காலி. வல ஏற்றம் அந்தக் கோப்பில் மணியில் இருக்கிறது, 0 முதல் 24 வரை. நான் அதை டிகிரி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பதினைந்தால் பெருக்கியதும் வானம் விரிந்தது.

புள்ளிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தன. விட்டம் 3.6 கழித்தல் 0.6 தடவை பிரகாச எண், மில்லிமீட்டரில், என்று வைத்திருந்தேன். ஆனால் பைத்தானில் படம் வரைந்து தரும் மேட்பிளாட்லிப் கேட்பது விட்டம் அல்ல, பரப்பு. அதுவும் அச்சுப் புள்ளிக் கணக்கில். விட்டத்தை 0.353-ஆல் வகுத்து வர்க்கமாக்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். சிரியஸ் நாலரை மில்லிமீட்டருக்கு அழகாக உட்கார்ந்தது. கூடவே, மீனத்தில் அந்த இரண்டு சென்டிமீட்டர் கரும்பொட்டு முளைத்தது.

அச்சு இயந்திரத்தில் மை சிந்திவிட்டது என்று நினைத்துக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் இன்னொன்று அடித்துக் காட்டினார், அதே இடத்தில் அதே பொட்டு. வீட்டுக்கு வந்து வரி வரியாகத் தேட வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே இருந்தது: சூரியன். பிரகாச எண் மைனஸ் 26.7, இடம் சுழி, சுழி. அதுவும் ஒரு நட்சத்திரம்தானே, பட்டியலில் போட்டிருக்கிறார்கள். என் சூத்திரம் அதற்கு 19.6 மில்லிமீட்டர் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு வரியை விலக்கினேன். கடைக்காரரிடம் மன்னிப்பு கேட்கவில்லை, ஆனால் அடுத்த முறை டீ வாங்கிக் கொடுத்தேன்.

குழுக் கோடுகளுக்கு ஸ்டெல்லேரியத்தின் பழைய பதிப்பில் ஒரு எளிய உரைக் கோப்பு உண்டு. குழுவின் சுருக்கப் பெயர், எத்தனை கோடு, பிறகு ஜோடி ஜோடியாக ஹிப்பார்கோஸ் எண்கள். 27989 என்றால் திருவாதிரை, 24436 என்றால் ரைஜல். எச்ஒய்ஜி கோப்பிலும் அதே எண் இருப்பதால் இரண்டையும் கோர்ப்பது சுலபம். இந்தக் கட்டம் மட்டும் முதல் ஓட்டத்திலேயே வேலை செய்தது.

வட்டு முடிந்தது. 300 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சடித்து, கத்தரித்து, மேலே ஓஹெச்பி ஷீட்டில் தொடுவான ஜன்னலை வரைந்து, நடுவில் டிச் பட்டன் அடித்தேன். பார்க்க அருமையாக இருந்தது. தெற்குப் பக்கம் திருப்பும் வரை. துருவத்தை நடுவில் வைத்தால், தெற்கே போகப் போக ஒவ்வொரு வட்டமும் உண்மையை விட அதிகமாக இழுபடும். லண்டனில் அந்த இழுபட்ட பகுதி வட்டிலேயே வராது. நமக்கோ மைனஸ் 79 வரை வந்தாக வேண்டும். தேளின் வால் சுருளாமல் பாய் விரித்தது போலப் படுத்துவிட்டது. தெற்குச் சிலுவையை அளவுகோல் வைத்து அளந்தேன்: உயரம் நாலரை மில்லிமீட்டர், அகலம் பதினாறரை. வானத்தில் அது அகலத்தை விட உயரம் கூடியது. இந்த வட்டை வைத்துக்கொண்டு யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர்கள் வட்டை இரு பக்கமும் செய்வார்கள், ஒரு பக்கம் வட துருவம் நடுவில், மறுபக்கம் தென் துருவம் நடுவில். அதையும் செய்யலாம்தான். எனக்கு அலுத்துவிட்டது. வட்டு இப்போது அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்கு மூடி.

அதனால் வேறு வழி: ஒரு தாள், ஒரு இரவு, ஒரு நேரம். தலைக்கு மேல் உச்சி நடுவில், தொடுவானம் விளிம்பில். வட்டம் 270 மில்லிமீட்டர், அதாவது டிகிரிக்கு ஒன்றரை மில்லிமீட்டர். நாளும் தேர்ந்தெடுத்தேன்: பிப்ரவரி 15, மகா சிவராத்திரி, இரவு 9 மணி. ஊரே விழித்திருக்கும், நிலா விடியும் வரை வராது.

எத்தனை புள்ளி என்பதற்கே மூன்று தாள் செலவானது. 6.5 வரை போட்டால் தொடுவானத்துக்கு மேலே சுமார் 4,500 புள்ளி. கசகசாவைக் கொட்டின மாதிரி. 5 வரை போட்டால் 800 அளவில், அப்போதும் மிருகசீரிடம் கண்ணில் படவில்லை. 4.5-ல் நிறுத்தினேன், சுமார் 450 புள்ளி. அதில் ஒரு சிக்கல். சில குழுக் கோடுகளின் முனை நட்சத்திரம் 4.5-ஐ விட மங்கல். புள்ளி இல்லாமல் கோடு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கடகத்தில் பூசத்தை ஒட்டி ஒரு முனை அப்படித்தான் காணாமல் போயிருந்தது. கோட்டில் வரும் நட்சத்திரம் எவ்வளவு மங்கலானாலும் வரைந்துவிடு என்று ஒரு வரி சேர்த்தேன்.

கார்த்திகைக் கூட்டம் இன்னொரு தலைவலி. அந்த ஆறும் ஒரு டிகிரிக்குள் அடக்கம், தாளில் ஒன்றரை மில்லிமீட்டர். என் சூத்திரப்படி ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். விளைவு, ஒரு கட்டெறும்பு. கடைசியில் அவற்றை மட்டும் அரை மில்லிமீட்டர் புள்ளிகளாக்கி, இரண்டு மடங்கு விலக்கி வைத்தேன். கணக்குக்குப் பொய், கண்ணுக்கு மெய். பட்டியலில் உள்ள இடங்கள் 2000-ஆம் ஆண்டு நிலவரம் என்பதையும் அப்படியே விட்டேன். பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று வருகிற அசைவு ஆண்டுக்கு 50 விநாடிக் கோணம்தான். 26 ஆண்டுக்கும் சேர்த்து என் தாளில் அரை மில்லிமீட்டர்.

அப்புறம் பெயர்கள். மேட்பிளாட்லிப்பில் தமிழ் எழுத்துருவைக் கொடுத்து ஓட்டினேன். எழுத்து வந்தது, தமிழ் வரவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. கேட்டையின் இரட்டைக்கொம்பு க-வைத் தாண்டி ட-வின் மேல் சாய்ந்திருந்தது, கடைசி ஐகாரக் கொம்பு தனியாக வெளியே. சித்திரை, ரேவதி, ரோகிணி, கொம்புள்ள எதுவும் தப்பவில்லை. மகம், பூரம், அஸ்தம் மட்டும் படிக்கிற மாதிரி இருந்தன. கொம்பில்லாத நட்சத்திரங்களை மட்டும் வைத்து ஒரு வானம் செய்ய முடியாது.

அந்தக் கோலத்திலேயே ஒரு தாள் அடித்துவந்தேன், புள்ளிகள் சரியா என்று பார்க்க. தெற்கே அகத்தியர் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அந்த இடத்தில் தெற்குச் சிலுவை நின்றது. சிரியஸ் மேற்கு விளிம்பில் விழப்போகிறது. தலைக்குக் கிட்டே இருக்க வேண்டிய திருவாதிரை தொடுவானத்தில். ஸ்டெல்லேரியத்தைத் திறந்து நேரத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். விடிகாலை இரண்டரை மணிக்கு என் தாளும் திரையும் அச்சாகப் பொருந்தின. ஒன்பதுக்கும் இரண்டரைக்கும் ஐந்தரை மணி நேரம். கிரீன்விச் நேரம் கேட்கும் சூத்திரத்துக்கு நம் கடிகார நேரத்தைக் கொடுத்திருக்கிறேன். வானம் 82.5 டிகிரி சுற்றிவிட்டது. புள்ளி வைப்பதற்கு முன்பே மூன்று நட்சத்திரங்களின் உயரத்தையும் திசையையும் ஸ்டெல்லேரியத்தோடு ஒப்பிட்டிருந்தால் ஒரு தாளும் ஒரு சாயங்காலமும் மிச்சம். அந்தத் தாளை மடித்து அடுப்படியில் போட்டேன்.

ஐந்தரை மணி நேரத்தைக் கழித்ததும் அகத்தியர் வந்து நின்றார், அதுவும் துல்லியமாகத் தெற்கில். அன்று ஒன்பது மணிக்கு அவர் உச்சம் தொடுகிற நேரம், உயரம் 27 டிகிரி. இதை நான் திட்டமிடவில்லை.

பெயர்ச் சிக்கலுக்கு வழி எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே வெளியே அனுப்புவது. எஸ்விஜி கோப்பாகச் சேமிக்கும்போது எழுத்துகளை எழுத்தாகவே விடச் சொல்லும் அமைப்பு ஒன்று மேட்பிளாட்லிப்பில் உண்டு. அந்தக் கோப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால், கொம்பெல்லாம் தம் இடத்துக்கு ஓடி வந்துவிட்டன. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். இதன்பின் நான் செய்ததுதான் உண்மையில் வரைபடம் செய்வது என்று தோன்றுகிறது. 38 பெயர்கள், இரண்டு சாயங்காலம், ஒவ்வொன்றையும் கையால் நகர்த்தினேன். ஒரு எழுத்தும் ஒரு புள்ளியைத் தொடக்கூடாது. பெயர் எந்தப் புள்ளிக்கு உரியது என்பதில் சந்தேகம் வரக்கூடாது. திருவாதிரையை இடப்பக்கம் வைத்தால் மிதுனத்தின் காலில் இடித்தது, வலப்பக்கம் வைத்தால் மிருகசீரிடத்தின் மேல் ஏறியது. கடைசியில் கொஞ்சம் கீழே இறக்கிச் சாய்த்தேன். 'புனர்பூசம்' என்ற ஒற்றைச் சொல் நீளமாக இடம் பிடித்தது. நீளமான பெயர்களை வைக்கும்போது, நம் முன்னோர் நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்தபோது அச்சடிக்கிறவனை நினைத்துப் பார்க்கவில்லை என்று சலித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7 சனிக்கிழமை மாடியில் ஒத்திகை. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தோம். சிவப்பு வெளிச்சம் என்றால் கண் இருட்டுக்குப் பழகியது பழகியபடி இருக்கும். அன்று மூன்று பாடம். ஒன்று, சூரிய வீதியைச் சிவப்புக் கோடாக அச்சடித்திருந்தேன். சிவப்பு டார்ச்சில் அந்தக் கோடு மாயமாகிவிட்டது. வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரிகிறபோது சிவப்பு மை எங்கே தெரியும்? இரண்டு, 9 புள்ளி எழுத்து போதவில்லை. அம்மா தாளைக் கண்ணாடி வரை கொண்டுபோய்ப் படித்தார். 13-ஆக்கினேன், அதனால் பாதிப் பெயர்களை மறுபடி நகர்த்தினேன். மூன்றாவதுதான் பெரிது. அக்கா பையன் உச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே காட்டி, "மாமா, சிரியஸ் ரொம்ப மேல போயிருச்சே" என்றான். அது சிரியஸ் இல்லை, வியாழன். மிதுனத்தில் நிற்கிறது, சிரியஸை விட வெளிச்சம். என் பட்டியல் நட்சத்திரப் பட்டியல், அதில் கோளே கிடையாது. வானத்தில் அந்த நேரத்தில் இருந்ததிலேயே பிரகாசமானதை விட்டுவிட்டு ஒரு வரைபடம் செய்திருக்கிறேன். லண்டன் வட்டைக் குறை சொன்ன அதே ஆள். ஸ்டெல்லேரியத்தில் இடத்தைப் படித்து ஒரு வெற்று வளையம் போட்டு 'குரு' என்று எழுதினேன்.

அச்சில் கவனிக்க வேண்டியது ஒன்று: 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். என் முதல் தாளில் 270 மில்லிமீட்டர் வட்டம் 256-ஆகச் சுருங்கி வந்தது. மெல்லிய சாம்பல் கோடும் வேண்டாம், லேசர் அச்சில் அது புள்ளி புள்ளியாக உடைந்து மங்கல் நட்சத்திரம் போல ஏமாற்றும். கோடு கறுப்பே இருக்கட்டும், இன்னும் மெல்லியதாக. பனி விழுகிற மாதத்தில் வெறும் தாள் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. லேமினேஷன் பளபளப்பாக இல்லாமல் மேட் ஆக இருக்கட்டும், இல்லையென்றால் டார்ச் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

செலவு: கறுப்புத் தாள் வகையில் 40 ரூபாய், ஏ3 எட்டு தாள் தலா 15 வீதம் 120, ஊறுகாய் மூடிக்கு 85, சிவப்புத் தாள் 10, மேட் லேமினேஷன் இரண்டு (ஒன்று பள்ளிக்கூடத்துக்கு) 120. மொத்தம் 375. டீ தனி.

சிவராத்திரி அன்று ஒன்பது மணிக்குக் கோயில் குளக்கரைக்குப் போனோம். தெற்குப் பார்த்து நின்று தாளைத் தலைக்கு மேல் பிடித்தோம். நீட்டிய கையின் முஷ்டி அகலம் சுமார் பத்து டிகிரி. தெற்குக் கரையிலிருந்து இரண்டே முக்கால் முஷ்டி மேலே, அகத்தியர். அம்மா தாளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அன்னைக்குப் பார்த்த வெள்ளி" என்றார். திருவாதிரை உச்சிக்கு எட்டு டிகிரி பக்கத்தில் இருந்தது. சிவன் நட்சத்திரம் சிவராத்திரிக்குத் தலைக்கு மேல் நிற்கிறது என்று குருக்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெருமையை நான் அவருக்கே விட்டுவிட்டேன்.

பதினொன்றரைக்குள் தாள் பழசாகிவிட்டது. வானம் மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. அகத்தியர் மேற்கே சரிந்துவிட்டார், கிழக்கே தாளில் இல்லாத நட்சத்திரங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு இரவு முழுக்க விழிக்கப்போகிறவர்களுக்கு ஒரு தாள் செய்தது மடத்தனம். அடுத்த வருடம் 9, 12, 3 என்று மூன்று செய்ய வேண்டும். நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், பெயர் நகர்த்துவதுதான் வேலை.

மூன்றாம் கால பூஜை முடிந்து இரண்டரை இருக்கும். சுண்டல் வாளியை அம்மா திறந்தார். வாளியை மூடியிருந்த தாளை அக்கா பையன் பிரித்துப் பார்த்து, "மாமா, இதுலயும் ஏதோ வானம் இருக்கு" என்றான். அடுப்படியில் போட்ட தாள். கொம்பு இடம் மாறிய பெயர்கள், தெற்கே சிலுவை. சட்டென்று மணி பார்த்தேன். ஓடிப்போய்க் கரையில் நின்றோம். பனைகளுக்கு மேலே ஒன்றரை முஷ்டி உயரத்தில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, சிலுவை. அதற்குக் கிழக்கே இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள், தாளில் இருந்தபடியே. தென்கிழக்கில் கேட்டை செக்கச்செவேலென்று ஏறிக்கொண்டிருந்தது. தாளில் அதன் பெயரை யாராலும் படிக்க முடியவில்லை, எது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

தூண் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா கேட்டார்: "ஏப்பா, இதுல அருந்ததி எங்க இருக்கு? கல்யாணத்துல காட்டுறாங்க, ஒரு நாளும் பார்த்ததில்ல." வடக்கே சப்தரிஷி மண்டலம் நாற்பது டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது. வசிஷ்டரையும் அருந்ததியையும் வானத்தில் விரல் நீட்டிக் காட்டினேன். அக்கா பையன் பார்த்துவிட்டான், அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. தாளில் காட்டலாம் என்று விரித்தால், அங்கே ஒரே புள்ளிதான். இருவருக்கும் இடையே தூரம் 0.2 டிகிரி, என் அளவில் 0.3 மில்லிமீட்டர். வசிஷ்டருக்கு நான் கொடுத்த பொட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல், அருந்ததி அதற்குள்ளேயே அடங்கிவிட்டார். கார்த்திகைக்குச் செய்ததை இங்கேயும் செய்திருக்க வேண்டும். பேனாவை எடுத்துப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கப் பார்த்தேன். எண்ணெய்த் தாளில் மை பிடிக்கவில்லை.